தொடர்பும் துண்டிப்பும்: மட்டக்களப்பு வாவிக்கரை தரும் ஒரு வரலாற்றுப் பாடம்

வேலை முடிந்தபின் கைத்தொலைபேசியை அணைத்துவைக்கும் உரிமை அண்மைக்காலத்திலே பல நாடுகளிற் சட்டமாக உருப்பெற்றுள்ளது. பிரான்ஸ் 2016ஆம் ஆண்டிலே தனது தொழிற்சட்டத்தைத் திருத்தியது. 2017 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம், 50 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளரைக் கொண்ட நிறுவனங்கள், வேலை நேரத்துக்கு அப்பால் ஊழியரைத் தொடர்புகொள்வது பற்றித் தொழிலாளர் பிரதிநிதிகளுடன் பேசி ஒழுங்கு செய்தல் வேண்டும் என அச்சட்டம் விதித்தது. அவுஸ்திரேலியாவில் இதையொத்த சட்டம் 2024 ஆகஸ்ட் 26ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இந்திய மக்களவையிலே 2018ஆம் ஆண்டில் தனி உறுப்பினர் மசோதாவாக இவ்விடயம் முன்வைக்கப்பட்டது. இணையத்தோடு எந்நேரமும் பிணைந்திருக்கும் வாழ்வு மனிதனின் ஓய்வையும் சிந்தனையையும் குலைக்கின்றது என்பதே இம்முயற்சிகளின் அடிப்படையாகும்.

இக்கருத்தை மறுப்பார் இல்லை. ஆயினும் இது பெரும்பாலும் செல்வ நாடுகளின் அலுவலகங்களிலிருந்து எழுந்த குரலாகும். தொடர்பு அறுவதை விருப்பமாக அன்றி விதியாக அனுபவித்த ஒரு பிரதேசத்தின் வரலாறு இவ்வினாவுக்கு என்ன விடை தரும்? மட்டக்களப்பு வாவிக்கரையின் அனுபவத்தை வைத்து இதனை ஆராய முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மட்டக்களப்பின் நில அமைப்பே இவ்வாராய்ச்சிக்குப் பொருத்தமான தொடக்கமாக அமைகின்றது. வாவியின் கிழக்கே கடலோரமாக எழுவான்கரை. மேற்கே வயல்வெளிகளைக் கொண்ட படுவான்கரை. இரு கரைகளையும் இணைத்தவை தோணிகளும், 'பாதை' என நம்மவர் வழங்கும் மிதவைகளுமே. 1928ஆம் ஆண்டில் மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது. புதிய கல்லடிப் பாலம் 2013ஆம் ஆண்டிலும், மண்முனைப் பாலம் 2014ஆம் ஆண்டிலுமே திறக்கப்பட்டன. பாதை வரும்வரை துறையிற் காத்திருப்பதும், அது போய்விட்டால் அக்கரைக் காரியத்தை மறுநாளுக்கு ஒத்திவைப்பதும் அண்மைக்காலம் வரை நம்மவரின் அன்றாட வழக்கமாயிருந்தன. தொடர்புக்கு ஒரு நேரமும், அந்நேரத்துக்கு ஓர் எல்லையும் இருந்தன.

செய்தித் தொடர்பும் இவ்வாறே வளர்ந்தது. இலங்கையின் முதலாவது தந்திக் கம்பி 1858ஆம் ஆண்டில் கொழும்புக்கும் காலிக்கும் இடையே இடப்பட்டது. வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பரிற் கொழும்பிலே தொடங்கியது. பிபிசி தமிழ்ச் சேவை 1941ஆம் ஆண்டிலே ஆரம்பமாயிற்று. 'தமிழோசை' எனப் பெயர்பெற்ற அந்தச் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரலில் நிறுத்தப்படும்வரை, குறிப்பாகப் போர்க்காலத்திலே, வடக்குக் கிழக்கு மக்களின் இரவுகளில் நீங்கா இடம்பெற்றிருந்தது. இரவு ஒன்பதேகால் மணிக்கு அயலவர் ஒரு வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருந்து செவிமடுப்பர். செய்தி முடிந்ததும் மின்கலத்தைச் சேமிக்கும்பொருட்டுப் பெட்டி அணைக்கப்படும். பின்னர் கேட்டதைப் பற்றிய உரையாடல் தொடரும். மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்த யாழ்ப்பாணத்திலே துவிச்சக்கர வண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதும் வரலாறாகும். செய்தி கேட்கும் நேரமும் அதனைச் சிந்திக்கும் நேரமும் அன்று தனித்தனியே இருந்தன.

இவற்றை எண்ணிப் பழங்காலத்தைப் போற்றிப் பாடுவது எளிது. ஆனால் அவ்வெல்லைகளை மக்கள் தாமாக விரும்பி வகுக்கவில்லை. வறுமையும் பற்றாக்குறையுமே வகுத்தன. தொடர்பு இன்மையின் விலை எத்தகையது என்பதற்கு நமது மாவட்டம் தரும் சான்றுகள் கொடியன.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி மட்டக்களப்பைத் தாக்கியது. 900க்கு மேற்பட்டோர் மாண்டனர். தந்திக் கம்பிகளும் தொலைபேசிக் கம்பிகளும் அறுந்து வீழ்ந்தன. தென்னைகளும் பெருமரங்களும் வீதிகளை மறித்துக் கிடந்தன. மாவட்டமே வெளியுலகிலிருந்து துண்டிக்கப்பட்ட நிலையிற் கிடந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தது. இலங்கையில் அது முதலில் மோதியது நமது கிழக்குக் கரையிலேயாம். தென்மேற்கே பெரலியவில் புகையிரதம் ஒன்றை அலை கவிழ்த்துப் பெருந்தொகையானோரைக் கொன்றது, கிழக்கு தாக்கப்பட்டு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தின் பின்னராகும். கிழக்கின் செய்தி உரிய வேளையில் மேற்கை எட்டவில்லை. அலைக்கும் மனிதருக்குமிடையே அந்த ஒரு மணி நேரம் வீணே கழிந்தது.

இயற்கை அறுத்த தொடர்புகள் இவை. மனிதர் அறுத்த தொடர்புகள் இவற்றினுங் கொடியன. நாம் கல்வி பயிலும் இவ்வளாகமே அதற்குச் சாட்சியாகும். வந்தாறுமூலையிலே 1981 ஆகஸ்ட் முதலாந் திகதி மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1986 அக்டோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. நான்கு ஆண்டுகளுக்குள், 1990ஆம் ஆண்டின் போரிலே, சுற்றுவட்டாரக் கிராம மக்கள் பல்லாயிரவர் இங்கே தஞ்சம் புகுந்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 5ஆம் திகதி இராணுவத்தினர் இம்முகாமிலிருந்து அழைத்துச் சென்ற 158 பேர் மீண்டும் வரவில்லை. ஒரு கடிதமேனும், ஒரு தகவலேனும் அவர்தம் குடும்பங்களுக்குக் கிடைக்கவில்லை. தொடர்பறுதல் என்னும் சொல்லை இம்மண்ணிலே உச்சரிப்போர் இதனை மறந்து உச்சரித்தல் தகாது.

தொலைத்தொடர்பிலே நாடு அடைந்த வளர்ச்சியும் நம் பிரதேசம் அடைந்த வளர்ச்சியும் ஒன்றாக நடைபெறவில்லை. கைத்தொலைபேசிச் சேவை 1989ஆம் ஆண்டிலே இலங்கையில் ஆரம்பமாயிற்று. தென்னாசியாவிலே அதுவே முதலாவது. வணிகரீதியான இணையச் சேவை 1995ஆம் ஆண்டில் வந்தது. அவ்வாண்டுகளில் நம்மவர் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையுடன் வரிசையில் நின்றனர். 2002 பெப்ரவரிப் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின்னரே வடக்குக் கிழக்கில் கைத்தொலைபேசி பரவலாயிற்று. 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின் இணையம் கிராமங்களுக்குள்ளும் நுழைந்தது. நகரத்து மனிதன் பல படிகளில் ஏறிய ஏணியை நாம் சில ஆண்டுகளில் ஏறினோம் எனலாம்.

அவ்வாறு வந்த இணையம் நம்மவருக்கு முதலிற் பொழுதுபோக்காக வரவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. மத்திய கிழக்கிலே வீட்டுப் பணிப்பெண்ணாக உழைக்கும் தாய், இரவிலே சில நிமிடம் தன் பிள்ளையின் முகத்தைக் காண்பது கைத்தொலைபேசியின் திரையிலேதான். அவள் உழைக்கும் வீட்டார் அக்கருவியைப் பறித்து வைத்துக்கொண்டால் அவளும் தொடர்பறுந்தவளே. பிரான்சின் ஊழியர் வேண்டிப் பெற்ற நிலையும் இத்தாயின் நிலையும் வெளித்தோற்றத்தில் ஒன்றே: இருவரிடத்தும் கருவி ஒலிக்கவில்லை. ஒருவர் உரிமையை அனுபவிக்கின்றார்; மற்றவர் உரிமையை இழந்து நிற்கின்றார்.

அரசு தொடர்பை அறுத்த நிகழ்வுகளும் அண்மை வரலாற்றில் உள்ளன. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனப் பகுதியில் முஸ்லிம் மக்கள் மீது வன்முறை கட்டவிழ்த்துவிடப்பட்டபோது, முகநூல், வட்ஸ்அப், வைபர் முதலியன ஏறத்தாழ ஒரு வாரம் தடுக்கப்பட்டன. வெறுப்புப் பேச்சு இத்தளங்களிற் பரவியது உண்மையே. அதிலே தனக்கிருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020ஆம் ஆண்டில் மன்னிப்புக் கோரியது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம் உட்படப் பல இடங்களிற் குண்டுகள் வெடித்தபின், சமூக ஊடகங்கள் ஒன்பது நாள் தடுக்கப்பட்டிருந்தன. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி பொருளாதார நெருக்கடிக்கெதிரான மக்கள் எழுச்சியின்போது ஏறத்தாழ 15 மணி நேரம் மீண்டும் தடை வந்தது. வதந்தியைத் தடுக்கக் கதவடைத்தல் வேண்டும் என்பார் கூற்றிலே ஓரளவு நியாயம் உண்டு. ஆயின் அடைத்த கதவு வதந்தியை மட்டும் மறிப்பதில்லை. சுகமாயிருக்கின்றோம் என்று வெளிநாட்டிலிருக்கும் உறவினருக்கு அனுப்பும் செய்தியையும் மறிக்கின்றது. தடையைத் தாண்டும் நுட்பம் அறிந்தோர் தாண்டினர்; அறியாத எளியோரே அகப்பட்டனர்.

எமது தலைமுறையின் அனுபவம் இதன் தொடர்ச்சியாகும். 2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றினாற் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டபோது வகுப்பறை கைத்தொலைபேசிக்குள் புகுந்தது. அலைவரிசை கிட்டாத ஊர்களின் மாணவர் மரங்களிலும் குன்றுகளிலும் ஏறிப் பாடம் கேட்டனர். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரத்தை எட்டியது. அவ்விரவுகளில் எங்கள் வீட்டார் முற்றத்திற் பாய் விரித்துப் பேசியிருந்தது இனிமையான நினைவே. ஆயினும் விளக்கின்றிப் பரீட்சைக்குப் படித்ததும், மின்சாரம் எப்போது வரும் என ஏங்கியதும் அதே இரவுகளிலேதான். கட்டாயத்தால் வந்த ஓய்வில் அமைதி முழுமையாக இருப்பதில்லை.

இவ்வரலாற்றை ஒருசேர நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. தொடர்பறுத்திருத்தல் தன்னளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று. அதன் திறவுகோல் எவர் கையில் உள்ளது என்பதே அதன் தன்மையைத் தீர்மானிக்கின்றது. சூறாவளியின் கையிலும் ஆயுதத்தின் கையிலும் எசமானின் கையிலும் அது இருந்தபோது நம்மவர் அடைந்தது துன்பமே. தன் கையில் அது உள்ள ஒருவன் மூன்று நிபந்தனைகள் நிறைவேறினாலன்றி அதனைப் பயன்படுத்த முடியாது. வேண்டும்போது மீண்டும் தொடர்புகொள்ளலாம் என்னும் உறுதி முதலாவது. தான் விலகியிருக்கும் நேரத்தை மறுபுறத்தார் அறிந்திருத்தல் இரண்டாவது. விலகியிருந்தமைக்காகத் தண்டனை வாராமை மூன்றாவது.

மூன்றாவது நிபந்தனையே இன்று பெரிதும் மீறப்படுகின்றது. இலங்கையின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டிலேயே நாளொன்றுக்கு 8 மணி, வாரமொன்றுக்கு 45 மணி எனச் சாதாரண வேலை நேரத்தை வரையறுத்தது. தொழிலாளர் போராடிப் பெற்ற எல்லை அது. இரவு பத்து மணிக்கு மேலாளர் அனுப்பும் வட்ஸ்அப் செய்திக்கு விடையளிக்கும் நேரம் அந்த 45 மணிக்குள் எண்ணப்படுவதில்லை. வேலை நேரத்துக்குப் புறம்பே கைத்தொலைபேசியில் ஊழியர் அகப்படாமை குற்றமாகாது எனப் பிரான்சின் உயர் நீதிமன்றம் 2004ஆம் ஆண்டிலே தீர்ப்பளித்தது. அத்தகைய பாதுகாப்பு இல்லாதவிடத்து, 'விரும்பினால் அணைத்துவிடலாமே' என்று கூறுவது வறியவனைப் பார்த்து 'விரும்பினால் விருந்துண்ணலாமே' என்பதை ஒக்கும்.

சட்டம் வரும்வரை காத்திராது மக்கள் தாமே வகுத்துக்கொண்ட ஒழுங்குகளும் உள. என் பெரியப்பா படுவான்கரையில் வேளாண்மை செய்பவர். பெரும்போகத்தில் யானைக் காவலுக்காக வட்டையிலே வாடியமைத்துப் பல நாட்கள் தங்குவார். அங்கே மின்சாரம் இல்லை. அவர் கைத்தொலைபேசியைப் பகல் முழுதும் அணைத்தே வைத்திருப்பார். பொழுது சாயும் வேளை சிறிது நேரம் திறப்பார். அந்நேரம் வீட்டாருக்கும் தெரியும், அயல் வாடிக்காரருக்கும் தெரியும். யானை இறங்கினால் எந்நேரமும் திறந்து அயலாருக்கு அறிவிப்பார். பகலிலே தொடர்பு கிடைக்கவில்லை என்று பெரியம்மா பதறுவதில்லை. இணையத்திலே மூழ்கிக் கிடக்கும் நான், விடை வர ஐந்து நிமிடம் தாமதித்தாலும் கலங்குகின்றேன். கருவி எங்கள் இருவரிடத்தும் உண்டு. அவரைச் சூழ்ந்து ஓர் உடன்பாடு உள்ளது. என்னைச் சூழ்ந்து அஃது இல்லை.

அந்த உடன்பாட்டை நாமும் உருவாக்கலாம். எமது வகுப்புக் குழுக்களிலே இன்ன நேரத்தின் பின் அவசரமல்லாத செய்தி இடுவதில்லை என ஒழுங்கு செய்வதற்கு நாடாளுமன்றம் தேவையில்லை. அவசரத்துக்கு அழைப்பதற்கு ஒரு வழி திறந்திருந்தாற் போதும். விடுதியில் உணவுண்ணும் வேளையையும், கூத்துக் களரியில் மத்தளம் முழங்கும் இரவையும் திரையின்றிக் கழிக்க நம்மாலியலும். அதேவேளை, கிராமங்கள் யாவற்றுக்கும் நம்பத்தக்க தொடர்பு கிடைக்கவேண்டும் என்றும், அதனை எவரும் எழுந்தமானமாக அறுத்தல் கூடாது என்றும் நாம் கோருதல் வேண்டும். இவ்விரு கோரிக்கைகளும் முரண்பட்டவையல்ல. மீண்டும் திறக்கலாம் என்ற நம்பிக்கை உள்ளவனே கதவை அமைதியாகச் சாத்துவான்.

ஒரு செய்திக்காக 1990ஆம் ஆண்டிலிருந்து காத்திருக்கும் குடும்பங்கள் இவ்வளாகத்தின் அயற்கிராமங்களில் உள்ளன. அவர்களுக்கு அருகிலிருந்து கற்கும் நாம், தொடர்பின் அருமையை உணர்ந்தே ஓய்வின் அருமையையும் பேசுதல் வேண்டும்.