கவுன்டரும் கதவும்: அமெரிக்க டைனரின் சமத்துவம் குறித்து

அமெரிக்கச் சாலையோர உணவகமான டைனரைப் பற்றி எழுதுவோர் பலரும் அதைச் சமத்துவத்தின் இருப்பிடமாகவே காட்டுகிறார்கள். நீண்ட கவுன்டர், வரிசையாக ஸ்டூல்கள், கண்ணெதிரே அடுப்பு. லாரி ஓட்டுநரும் வழக்கறிஞரும் தோள் உரச உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள். இதில் உண்மை உண்டு. 1872இல் பிராவிடன்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் குதிரை வண்டியில் விற்ற உணவு இரவுவேலை செய்வோருக்கானது; வாங்கியவர்கள் தெருவில் நின்றே சாப்பிட்டார்கள். பின்னர் வண்டிக்குள் இடம் வந்தது. 1906இல் தொடங்கிய வூஸ்டர் லஞ்ச் கார் கம்பெனி போன்றவை டைனரைத் தொழிற்சாலையிலேயே கட்டி அனுப்பின. வழியில் கொண்டுசெல்ல ஏற்றபடி அகலம் குறுகியது. நெருங்கி உட்காரும் வழக்கத்துக்கு இந்த இடநெருக்கடி பெரிய காரணம். ஆனால் கவுன்டர் சமமாக்கியது உள்ளே வந்துவிட்டவர்களை மட்டுமே. யார் வரலாம் என்பதைக் கதவு தீர்மானித்தது; அதைத் திறந்தவை போராட்டமும் சட்டமும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கறுப்பினப் பயணிகள் எங்கே சாப்பிடலாம், எங்கே தங்கலாம் என்று சொல்ல, ஹார்லெமைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் கிரீன் 1936இல் ஒரு வழிகாட்டி நூலைத் தொடங்க வேண்டியிருந்தது. நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன் செல்வோர் பயன்படுத்திய 40ஆம் எண் நெடுஞ்சாலையில், மேரிலாந்துப் பகுதியில், 1961இல் சாட் நாட்டுத் தூதருக்கே காப்பி மறுக்கப்பட்டது. அதே ஆண்டு பால்டிமோரின் 'ஆஃப்ரோ-அமெரிக்கன்' இதழின் கறுப்பின நிருபர்கள், 'கோபான்' என்ற இல்லாத நாட்டின் பிரமுகர்களாக வேடமிட்டு அச்சாலை உணவகங்களுக்குப் போனார்கள். சில இடங்களில் உபசாரம் கிடைத்தது. தோலின் நிறம் மாறவில்லை, ஸ்டூலும் மாறவில்லை. அயல்நாட்டு உடை மட்டுமே புதிது. சொந்த நாட்டுக் குடிமகனுக்கு இல்லாத இடம் கற்பனை நாட்டுக்காரருக்கு இருந்தது என்றால், கவுன்டரின் வடிவத்துக்குத் தனியாக எந்த அறமும் இல்லை என்றே கொள்ள வேண்டும்.

வடிவம் ஒன்றுமே செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்தது. 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் வூல்வொர்த் கடையின் வெள்ளையருக்கு மட்டுமான உணவுக் கவுன்டரில் உட்கார்ந்தபோது, எல்லோர் கண்ணிலும் படும் அந்த வரிசையே போராட்டக் களமானது. ஆனாலும் அங்கே போய் உட்காரத் துணிந்தவர்கள் மனிதர்கள்.

இன்னொரு மறுப்பு வலுவானது: முதலாளிகள் சிறுவணிகர்கள், வெள்ளையர் வாடிக்கை போய்விடும் என்று பயந்தார்கள், காலப்போக்கில் சந்தையே கதவைத் திறந்திருக்கும். பர்மிங்காமின் ஆலீஸ் பார்பிக்யூ இதற்கு விடை தருகிறது. 1927இல் தொடங்கிய அந்தக் குடும்ப உணவகத்தின் ஊழியர்களில் மூன்றில் இரு பங்கினர் கறுப்பினத்தவர். கறுப்பின வாடிக்கையாளருக்கோ பார்சல் மட்டும்தான். அவர்களின் உழைப்பையும் காசையும் ஏற்றுக்கொண்டு இருக்கையை மட்டும் மறுத்தபடி முப்பது ஆண்டுகளுக்கு மேல் வியாபாரம் நன்றாகவே நடந்தது, சந்தை அவசரப்படவில்லை. உணவகங்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தை அது எதிர்த்தபோது, அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடிப்படையாக அமைந்தது இறைச்சி: முந்தைய ஆண்டு கொள்முதலில் சுமார் 46 விழுக்காடு வெளிமாநிலத்திலிருந்து வந்த இறைச்சி, ஆகவே மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை முறைப்படுத்தும் அதிகாரம் அந்தச் சமையலறை வரை நீளும். மனித மாண்பை முன்வைக்க வேண்டிய இடத்தில் இறைச்சிக் கணக்கு நின்றது வருத்தத்துக்குரியதே. ஆயினும் வெளியூர்ச் சரக்கால் பிழைக்கும் கடை, யாரை உட்கார வைப்பது என்பது தன் சொந்த விவகாரம் என்று இனி சொல்ல முடியாமல் போனது.