பலகாரமும் பயணமும்

பிரஞ்சு மொழியில் ‘சூ’ என்னும் சொல் முட்டைக்கோசைக் குறிக்கும். நாம் ‘கிரீம் பப்’ என்று வழங்கும் சிறு பலகாரத்திற்கும், அதன் உருண்ட தோற்றத்தைக் கண்டு, பிரஞ்சுக்காரர் அப்பெயரையே சூட்டினர். நம் முட்டைக்கோசில் முட்டை இல்லை. அவர்கள் கோசில் முட்டை உண்டு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்வேடிக்கை மிகவும் பிடித்திருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரிக்குச் சென்றிருந்தபோது, பிரஞ்சு முறைப் பலகாரக் கடையொன்றில் முதன்முதலாக இதனை உண்டு பார்த்தேன். மேலோடு மெல்லென உடைந்தது. உள்ளே குளிர்ந்த கிரீம். இனிப்பும் அளவோடு இருந்தது. கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் தாயாரும் சுவைக்க வேண்டும் என்னும் ஆவலால், ஆறு பலகாரங்களைப் பெட்டியில் வாங்கிக்கொண்டு இரவுப் பயணம் புறப்பட்டேன். காலையில் வீடு சேர்ந்து பெட்டியைத் திறந்தால், ஓடு நமுத்துக் கிடந்தது, கிரீம் புளித்திருந்தது. “அங்கே நன்றாயிருந்ததை இவ்வளவு தூரம் எதற்கப்பா தூக்கி வந்தாய்?” என்றார் அம்மா.

அக்கேள்வி என்னைச் சிந்திக்க வைத்தது. ஒரு நாட்டின் பலகாரம் மற்றொரு நாட்டிற்கு எவ்வாறுதான் வந்து சேருகிறது?

கிரீம் பப்பின் செய்முறை எளியதே. நீரும் வெண்ணெயும் கொதிக்கையில் மைதாவைக் கொட்டிக் கிளறி, இறக்கியபின் முட்டைகளை ஒவ்வொன்றாக அடித்துச் சேர்ப்பர். புளிக்காடியும் வேண்டா, சோடா உப்பும் வேண்டா. அடுப்பின் வெம்மையில் மாவிலுள்ள நீர் ஆவியாகி உள்ளிருந்து உப்பச் செய்யும். வெளிப்புறம் வெந்து இறுகும். நடுவே வெற்றிடம் நிற்கும். நம் வீட்டுப் பூரி உப்புவதும் இவ்வாவியினால்தான் அன்றோ? இதனை 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியச் சமையற்காரர் ஒருவர் பிரான்சுக்குக் கொணர்ந்தார் என்பர். அது கதையேயன்றி வரலாறு ஆகாது என்பது ஆராய்ந்தோர் கருத்து. 1833இல் மறைந்த கரேம் என்னும் பாரிஸ் நகரப் பலகார வல்லுநர் இதனைச் செம்மைப்படுத்தியவராகப் போற்றப்படுகிறார்.

பிரஞ்சுக்காரருக்குக் கிழக்கே புதுச்சேரி இருந்ததுபோல் மேற்குக் கரையில் மாஹி இருந்தது. 1720களில் அங்கே காலூன்றிய அவர்கள், இடையிடையே ஆங்கிலேயரிடம் இழந்தும் மீண்டும் பெற்றும், 1954 ஜூலை வரை அவ்வூரை ஆண்டனர். மாஹிக்கு வடக்கே சில கல் தொலைவில் உள்ளது தலச்சேரி. அங்கே மம்பள்ளி பாப்பு என்பவர் 1880இல் பிஸ்கோத்துத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். 1883இல் அஞ்சரக்கண்டி இலவங்கத் தோட்டத்துப் பிரௌன் துரை, இங்கிலாந்திலிருந்து வந்த கேக் ஒன்றை அவரிடம் காட்டி, அதுபோல் செய்யச் சொன்னாராம். மாஹியிலிருந்து பிரஞ்சு பிராந்தியை வாங்கிச் சேர்க்குமாறும் கூறினாராம். பாப்புவோ முந்திரிப் பழமும் கதலிப் பழமும் கொண்டு வடித்த நாட்டுச் சாராயத்தைச் சேர்த்தார். தர்மடத்துக் கொல்லரிடம் அச்சு செய்வித்தார். சுவைத்த துரை மகிழ்ந்து, மேலும் ஒரு டஜன் கேட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. இலண்டன் கேக் தலச்சேரிக்கு மாதிரியாகவே வந்தது. பாப்புவின் கையில்தான் அது கேரளத்துப் பண்டமாயிற்று.

இன்று பாலக்காட்டு எல்லை ஊர்களிலும், தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் மாலைத் தேநீருக்கு முட்டை பப்ஸ் தேடுவோர் பலர். கொழுப்பை இடையிட்டுப் பலமுறை மடித்துத் தேய்த்த அம்மாவை அடுக்கடுக்காகப் பிரிப்பதும் ஆவியே. அடுக்கு மாவுக் கலை ஐரோப்பாவிலிருந்து வந்தது; உள்ளிருக்கும் வெங்காய மசாலா நம்முடையது. குளிர்ப்பெட்டி இன்றிக் கிரீம் நம் வெயிலைத் தாங்காது. மசாலாவோ மாலை வரை தாங்கும்.

ஆகவே அம்மாவின் கேள்விக்கு விடை இதுவே: பண்டம் நெடுந்தூரம் செல்லாது, கைத்தொழிலே செல்லும். வரலாறு பெரும்பாலும் விருந்துண்டவர் பெயரையே எழுதி வைக்கிறது. அடுப்பருகே நின்ற ஒருவரின் பெயரைத் தலச்சேரி மறவாது காத்தது. நம் ஊர் அடுப்புகளின்முன் விடியற்காலையில் மாவு பிசைவோரின் பெயர்களையும் கேட்டறிந்து வைப்பது நம் கடன்.