மியோங்கி: பசி தீர்த்த மலைப்பூண்டு

மியோங்கி என்பது தென்கொரியாவின் உல்லுங் தீவு மலைக்காடுகளில் தானாக வளரும், பூண்டு மணமும் அகன்ற இலைகளும் உடைய பல்லாண்டுச் செடியாகும். நெடுங்காலம் மக்கள் குடியிருக்கத் தடை செய்யப்பட்டிருந்த இத்தீவை, 1882 இல் கோஜோங் மன்னர் அனுப்பிய அதிகாரி ஆய்வு செய்தார். 1883 இல் அரசு குடியேற்றத்தைத் தொடங்கியது. கொண்டுவந்த தானியம் குளிர்காலத்தில் தீர்ந்தபோது, பனிக்கடியில் முளைத்திருந்த இச்செடியைத் தின்றே குடியேறியவர்கள் உயிர் பிழைத்தனர் எனத் தீவு மக்கள் கூறுவர். ‘மியோங்’ என்றால் உயிர். பெயர்க் காரணமும் அதுவே என்பர்.

இன்று சோயா சாற்றில் ஊறவைத்த இதன் இலையைச் சுட்ட பன்றி இறைச்சியுடன் உண்கின்றனர். விதை முளைத்துப் பறிக்கும் பருவம் அடையப் பல ஆண்டுகள் ஆகும். செங்குத்துச் சரிவுகளில் இதைப் பறிக்கச் சென்று தவறி விழுந்து இறந்தோரும் உண்டு. எனவே காட்டில் பறிப்பதற்கு அனுமதியும் கால வரையறையும் விதிக்கப்பட்டுள்ளன, தோட்டங்களிலும் பயிரிடப்படுகிறது.