ஐந்நூறு பவுனும் ஓர் இசைத்தட்டும்



மான்செஸ்டர் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது துணி. பருத்தி ஆலைகளால் உலகப் புகழ் பெற்ற நகரம் அது. அந்த ஆலைகள் 1960களிலும் 70களிலும் ஏறக்குறைய வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் லங்காஷயர் வட்டாரம் முழுதும் மூடப்பட்டன. தோட்டத் துண்டாடலின்போது மூட்டை முடிச்சுகளோடு லயத்தை விட்டுப் புறப்பட்டவர்களுக்கு, ஆலைச் சங்கு ஊதாமல் விடிந்த அந்த ஊர்களின் நிலையை நான் விளக்க வேண்டியதில்லை. 1976-இல் பிரிட்டனில் வேலையற்றோர் தொகை பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது.

அந்த ஆண்டு ஜூன் 4ஆம் தேதி, அந்நகரில் சிறிய இசை நிகழ்ச்சி ஒன்று நடந்தது. நடந்த இடம் ஃப்ரீ டிரேட் மண்டபத்தின் மாடியிலிருந்த சின்ன அரங்கம். 1819-இல் வாக்குரிமை கேட்டுக் கூடிய மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்து, குறைந்தது பதினைந்து பேர் மாண்ட திடல் இருந்த இடத்தில்தான் அந்த மண்டபம் எழுந்தது. லண்டனிலிருந்து செக்ஸ் பிஸ்டல்ஸ் என்னும் 'பங்க்' இசைக் குழுவை வரவழைத்தவர்கள் ஹோவர்ட் டெவோட்டோ, பீட் ஷெல்லி என்ற இரு மாணவர்கள். நுழைவுக் கட்டணம் 50 பென்ஸ். வந்தவர்களோ சில பத்துப் பேர்!

பங்க் இசை காதுக்கு இனிமையானது என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு மூன்று கித்தார் சுரங்கள், அவசரமான முழவொலி, பாட்டா கூச்சலா என்று ஐயுற வைக்கும் குரல். ஆனால் கேட்டவர்களுக்கு ஒன்று புரிந்தது: இதை நாமும் செய்யலாம். அன்று அங்கிருந்த பீட்டர் ஹுக் என்ற இளைஞர், மறுநாளே கடைக்குப் போய் 35 பவுன் கொடுத்து ஒரு பேஸ் கித்தார் வாங்கினார். அதற்குமுன் அவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. ஜாய் டிவிஷன் என்ற புகழ்பெற்ற குழுவின் தொடக்கம் அதுதான்.

டெவோட்டோவும் ஷெல்லியும் பஸ்காக்ஸ் என்ற தங்கள் குழுவோடு இன்னும் ஒரு படி ஏறினார்கள். அக்காலத்தில் இசைத்தட்டு என்றால் லண்டன் நிறுவனங்கள் மனம் வைக்கவேண்டும். அவற்றின் வாசலில் காத்து நிற்காமல், உறவினரிடமும் நண்பரிடமும் 500 பவுன் கடன் வாங்கி, 1976 டிசம்பர் 28ஆம் தேதி நான்கு பாடல்களைச் சில மணி நேரத்தில் பதிவு செய்தார்கள். 1977 ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' வெளிவந்தது. எந்தப் பாட்டு எத்தனையாவது முறை வாசித்தபோது சரியாக அமைந்தது என்பதைக்கூட உறையிலேயே அச்சிட்டுவிட்டார்கள். வித்தையை மறைக்காத வித்தைக்காரர்கள்! முதலில் அடித்த ஆயிரம் தட்டுகளும் விற்றுத் தீர்ந்தன. பின்னர் விற்பனை 16 ஆயிரத்தை எட்டியது.

தனித்தனிக் குழுக்கள் முளைத்தால் போதுமா? பழக இடம் வேண்டும், ஒலிபெருக்கி வேண்டும், கேட்க நாலு பேர் வேண்டும். 1977-இல் டிக் விட்ஸ், டிரெவர் வெயின் இருவரும் மான்செஸ்டர் இசைக் கலைஞர் கூட்டமைப்பைத் தொடங்கினர். விட்ஸ் பெரிய இசைக்குழுவில் தாளக் கருவி வாசித்த தேர்ந்த கலைஞர். ஆயினும் தேர்ச்சி இருந்தால்தான் சேரலாம் என்று அவர் விதிக்கவில்லை. வட்டாரக் கலை மன்றம் கிங் வீதியில் இருந்த தன் கட்டடத்தின் நிலவறையைக் கொடுத்தது. தி ஃபால் குழு முதன்முதலாக மேடையேறியது அங்கேதான். அதன் பாடகர் மார்க் ஸ்மித் துறைமுகத்தில் கிராணி வேலை பார்த்தவர். பிறகு கூட்டமைப்பு தன் குழுக்களின் பாடல்களைத் தொகுத்து இசைத்தட்டும் வெளியிட்டது.

ஹுல்ம் வட்டாரத்தையும் சொல்லவேண்டும். அங்கே 1972-இல் கட்டி முடித்த பிறைவடிவ அடுக்குமாடிகளில் ஈரமும் கரப்பான் பூச்சியும் குடியேறின. ஒரு குழந்தை மாடியிலிருந்து விழுந்து இறந்தபின் குடும்பங்கள் வெளியேறத் தொடங்கின; இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். பக்கத்திலேயே ரஸ்ஸல் கிளப். முன்பு பேருந்து ஊழியர்களின் மன்றமாக இருந்த அந்த இடத்தில், 1978 மே மாதம் டோனி வில்சனும் ஆலன் எராஸ்மஸும் 'ஃபேக்டரி' என்ற பெயரில் இசை இரவுகளை நடத்தினார்கள்.

அதே ஆண்டு ஜூலை 15ஆம் தேதி நடந்ததுதான் என் மனத்தில் நிற்கிறது. கறுப்பரும் ஆசியரும் வெளியேற வேண்டும் என்று நேஷனல் ஃப்ரண்ட் கட்சி தெருத்தெருவாக முழங்கிய காலம் அது. அலெக்சாண்டிரா பூங்காவில் இனவெறியை எதிர்த்துப் பல்லாயிரவர் திரண்டார்கள். மேடையில் பஸ்காக்ஸ், அவர்களுடன் பர்மிங்ஹாமின் கறுப்பின இளைஞர்களான ஸ்டீல் பல்ஸ் குழுவினர். கித்தார் பிடிக்கக் கற்று இரண்டாண்டுகூட ஆகாத பிள்ளைகள் பலர் அன்று எந்தப் பக்கம் நிற்பது என்பதைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

எல்லாம் நிலைத்துவிடவில்லை. ஃபேக்டரி இசைத்தட்டு நிறுவனமாக வளர்ந்தது. செலவு போக மிஞ்சுவதில் கலைஞர்களுக்குச் சரிபாதி என்பது அதன் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் கணக்கு வழக்கில் கவனமில்லை, 1992-இல் திவாலானது. ஜாய் டிவிஷனின் பாடகர் இயன் கர்ட்டிஸ் 23 வயதில், 1980 மே மாதம், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். கூட்டமைப்பு 80களின் தொடக்கத்தில் கலைந்தது. ஹுல்ம் மாடிகள் 90களில் இடிக்கப்பட்டன. 50 பென்ஸ் வாங்கிக்கொண்டு அந்தச் சில பத்துப் பேரை உள்ளே விட்ட மண்டபம், முகப்பு மட்டும் பழையபடி நிற்க, இன்று ஒரு ஹோட்டலாக இருக்கிறது.