இருட்டறையில் பிறந்த ஒளி

நூல்கள் அறிவைத் தருகின்றன. கல்லூரிகள் பட்டத்தைத் தருகின்றன. ஆயினும் ஒரு தொழிலுக்குரிய துணிவையும் மனச்சான்றையும் இளையவர் ஒருவருக்கு ஊட்ட வல்லவர், அத்தொழிலில் முன்னே நடந்து சென்ற மனிதரே. சமூகத் தொடர்புப் பணிக்கு இது பெரிதும் பொருந்தும். இதற்கு ஆப்பிரிக்கக் கண்டத்தின் அண்மைய வரலாறு நல்ல சான்று பகர்கின்றது.

1948-ஆம் ஆண்டு முதல் தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக் கொள்கை அரசின் சட்டமாயிற்று. 1953-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் கறுப்பின மாணவர்க்குத் தாழ்ந்த கல்வியே போதும் என்று வரையறுத்தது. இக்காலத்தில்தான் ஜோகன்னஸ்பர்க் நகரில் ‘டிரம்’ என்னும் மாத இதழ் இளம் கறுப்பின எழுத்தாளர்க்கும் புகைப்படக் கலைஞர்க்கும் பயிற்சிக் கூடமாக விளங்கிற்று.

அவ்விதழின் புகைப்படப் பொறுப்பில் இருந்தவர் யூர்கன் ஷாடெபெர்க். 1931-இல் பெர்லினில் பிறந்து, நாட்சி ஆட்சியின் கொடுமையைச் சிறுவனாகக் கண்டவர். 1950-இல் தென்னாப்பிரிக்கா வந்தவர். தொலைபேசி இணைப்பாளராகச் சேர்ந்த பாப் கோசானியை இருட்டறைக்கு அழைத்துச் சென்று கலைஞராக்கியவர் அவரே. வண்டியோட்டியாக வேலைக்கு வந்த பீட்டர் மகுபானேயும் அவரிடமே படச்சுருள் கழுவவும், ஒளியை அளக்கவும், காத்திருக்கவும் கற்றார்.

அதே அலுவலகத்தில் ஹென்றி இங்க்சுமாலோ என்னும் செய்தியாளர் இளையோர்க்கு முன்மாதிரியாக நின்றார். பெத்தால் பகுதிப் பண்ணைகளில் கறுப்பினத் தொழிலாளர் பட்ட துன்பத்தை 1952-இல் அவர் வெளிக்கொணர்ந்தார். 1954-இல் வேண்டுமென்றே கைதாகிச் சிறை சென்று, அங்குக் கைதிகள் ஆடையின்றிச் சோதிக்கப்பட்ட இழிவை எழுதினார். அருகிலிருந்த கட்டடத்தின் கூரைமீதிருந்து அக்காட்சியைப் படமெடுத்தவர் கோசானி. 1956 முடிந்து 1957 பிறந்த இரவையொட்டி, மற்றொரு செய்தியைத் தேடிச் சென்ற வேளையில் இங்க்சுமாலோ கொலையுண்டார்.

மாணவர்கள் கற்றதைக் கைவிட்டார்களா? இல்லை. சீரஸ்ட் ஊரில் நடந்த ஒரு விசாரணையைப் படமெடுக்கச் செய்தியாளர்க்குத் தடை இருந்தபோது, மகுபானே உள்ளீடு நீக்கிய ரொட்டிக்குள் புகைப்படக் கருவியை மறைத்து வைத்து, உண்பவர்போல் பாவனை செய்து படமெடுத்தார். பின்னாளில் 586 நாள்கள் தனிச்சிறையில் அடைபட்டார். ஐந்தாண்டுகள் தொழில் செய்யத் தடைவிதிக்கப்பட்டார். 1976-இல் சோவெட்டோ மாணவர் எழுச்சியின்போது, தங்களைப் படமெடுக்க வேண்டாம் என்ற இளைஞர்களிடம், சான்று பதியப்படாத போராட்டம் போராட்டமாகாது என எடுத்துரைத்தார். ஒருகாலத்தில் மாணவராய் இருந்தவர் அன்று ஆசானாய் நின்றார். 2024-ஆம் ஆண்டின் முதல் நாளில் அவர் மறைந்தார்.

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் நாம் மறைத்தலாகாது. 1950-களில் ‘டிரம்’ இதழின் ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்த ஆன்டனி சாம்ப்சன், சில்வெஸ்டர் ஸ்டைன், டாம் ஹாப்கின்சன் ஆகிய அனைவரும் வெள்ளையரே. ஷாடெபெர்க் 1964-இல் நாட்டைவிட்டு வெளியேற முடிந்தது. மகுபானேக்கோ சிறையே காத்திருந்தது. கற்பித்தவரும் கற்றவரும் ஒரே இருட்டறையில் நின்றாலும், வெளியே இருவர்க்கும் ஒரே சட்டம் இருக்கவில்லை. திறமையைக் கொடுத்துப் பொறுப்பைக் கொடாத வழிகாட்டல் பாதி வழியே காட்டுகின்றது.

மீதி வழி வேறிடத்தில் திறந்தது. ஹாப்கின்சன் 1963-இல் நைரோபி சென்று, விடுதலை பெற்றுவந்த நாடுகளின் செய்தியாளர்க்குச் சில ஆண்டுகள் பயிற்சி அளித்தார். பத்திரிகைகள் ஆப்பிரிக்கர் கைக்கு வரவேண்டிய காலம் அது. கென்யாவின் ‘டெய்லி நேஷன்’ நாளிதழுக்கு ஹிலரி இங்வெனோ 1960-களின் நடுவில் முதல் ஆப்பிரிக்க ஆசிரியரானார். பின்னர் 1975-இல் ‘வீக்லி ரிவ்யூ’ என்னும் வார இதழைத் தாமே தொடங்கினார்.

அதே 1963-ஆம் ஆண்டு டிசம்பரில்தான் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய ஆணையை வெளியிட்டது. குருக்களும் துறவியரும் பொதுநிலையினரும் இப்பணிக்கெனப் பயிற்றுவிக்கப்பட வேண்டும் என அது வலியுறுத்திற்று. தான்சானியாவின் முவான்சா நகரருகே நியெகேசியில் மறைப்பணியாளர் தொடங்கிய சமூகப் பயிற்சி நிலையம் செய்தியாளரையும் உருவாக்கியது. 1998-இல் அது ஆயர் பேரவையின் தூய அகுஸ்தினார் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. உகாண்டாவில் ‘முன்னோ’ என்னும் கத்தோலிக்க இதழின் ஆசிரியராயிருந்த அருட்பணி கிளமென்ட் கிகுண்டு, இடி அமீன் ஆட்சியில் 1973 ஜனவரியில் கொல்லப்பட்டார். உண்மையைச் சொல்லக் கற்பிப்பது எத்துணை விலையுயர்ந்த பணி என்பதற்கு இவ்விறப்பும் சாட்சி.

திருத்தூதர் பணிகள் நூலில், தர்சு நகருக்குச் சென்று சவுலைத் தேடிக் கண்டு அந்தியோக்கியாவுக்கு அழைத்து வந்தவர் பர்னபா. தொடக்கத்தில் “பர்னபாவும் சவுலும்” என்றிருந்த வரிசை, சில பக்கங்களில் “பவுலும் பர்னபாவும்” என மாறுகின்றது. அம்மாற்றத்தைப் பர்னபா பொருட்படுத்தியதாக எங்கும் காணோம். நம் இல்லங்களிலும் பங்குகளிலும் எழுதத் துடிக்கும் இளையோர் உள்ளனர். அவர்களுக்குக் கருவி வாங்கிக் கொடுப்பது எளிது. அருகிலிருந்து திருத்துவதும், உரிய காலத்தில் நம் நாற்காலியை விட்டெழுவதும் அரிது. அரியதைச் செய்ய நாம் ஆயத்தமா?