பேரரசரின் பெயரில் எழுந்த அரசு

டெல்லியின் முனிர்காவில் குடியிருக்கும் தமிழர்களுக்கு சப்தர்ஜங் என்றால் முதலில் நினைவுக்கு வருவது மருத்துவமனை. அப்புறம் விமான தளமும் என்கிளேவும். அந்தப் பெயருக்கு உரியவர் அவத்தின் இரண்டாம் நவாப். அவருடைய கல்லறை முனிர்காவிலிருந்து சில கிலோமீட்டரில், லோதி சாலையின் மேற்கு முனையில் இருக்கிறது. அது அங்கே இருப்பதே ஒரு வரலாற்றுச் சான்று. 1753இல் முகலாயப் பேரரசரோடு பிணங்கி, வசீர் (தலைமை அமைச்சர்) பதவியை இழந்து, டெல்லியில் மாதக்கணக்கில் உள்நாட்டுப் போர் நடத்தி, பிறகு அவத்துக்குத் திரும்பியவர் சப்தர்ஜங். மறு ஆண்டு அங்கேயே இறந்தார். அவமானப்படுத்தி அனுப்பிய நகரத்துக்கே அவர் உடலை மகன் ஷுஜா உத் தௌலா கொண்டுவந்து, பேரரசர்களின் கல்லறைகளைப் போலத் தோட்டத்தின் நடுவே மாடம் எழுப்பினார். அதற்கான சலவைக்கல்லில் ஒரு பகுதி அக்பர் காலத்து அப்துர் ரஹீம் கான்-இ-கானான் கல்லறையிலிருந்து பெயர்த்தெடுத்தது. பைசாபாத்தில் தனி அரசாக ஆண்ட ஒரு குடும்பம் டெல்லி மண்ணுக்கு ஏன் இத்தனை ஏங்கியது? என் விடை இது: சரிந்துகொண்டிருந்த பேரரசில் ஆளுநர்கள் அரச மரபை நிறுவியது பேரரசை உதறியதால் அல்ல, அதன் பெயரை விடாமல் பிடித்துக்கொண்டதால்.

இந்தக் குடும்பத்தை ஆட்சியில் அமர்த்தியவர் சப்தர்ஜங்கின் தாய்மாமனும் மாமனாருமான சாதத் கான். ஈரானின் நிஷாப்பூரிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். அரசர்களை ஆக்கியும் அழித்தும் வந்த சையித் சகோதரர்களை 1720இல் வீழ்த்திய சூழ்ச்சியில் பங்கெடுத்தார். 1722இல் அவத்தின் சுபேதார், அதாவது மாகாண ஆளுநர், ஆனார். முகலாய ஏற்பாட்டில் சுபேதாருக்குப் படையும் காவலும். வரிக்கணக்கு தனியே ஒரு திவானிடம். இருவரும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்படுவார்கள். எந்த மண்ணிலும் எவரும் வேர்விட்டுவிடக் கூடாது என்பதற்கே இந்த இரட்டைப் பூட்டு. சாதத் கான் இரண்டையுமே உடைத்தார். திவான் அதிகாரத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்தார்; வெளியூர் ஜாகிர்தாரர்களின் பிடியைத் தளர்த்தினார்; மாளவத்துக்கு மாற்ற முயன்றபோது போக மறுத்தார். 1739இல் ஈரானிய மன்னர் நாதிர் ஷா டெல்லியைப் பிடித்திருந்த நாட்களில் அவர் இறந்ததும், பதவி மருமகனுக்குப் போனது. அப்போதும் அந்த வாரிசுரிமைக்கு டெல்லியின் ஒப்புதல் தேவைப்பட்டது. அதற்குப் பெரும் பணம் கொடுத்துத்தான் சப்தர்ஜங் அதைப் பெற்றார். கோட்டையும் படையும் கருவூலமும் ஏற்கெனவே கையில் இருந்த ஒருவர் ஒரு காகிதத்துக்குப் பணம் கொடுக்கிறார் என்றால், அந்தக் காகிதத்துக்கு ஏதோ மதிப்பு இருந்திருக்க வேண்டும்.

அது வெறும் ஒப்புக்குச் செய்த சடங்கு, உண்மையில் இவர்கள் துரோகிகளே என்று சொல்பவர்கள் உண்டு. கர்னால் போருக்குப் பின் நாதிர் ஷாவை டெல்லிக்கு இழுத்துவிட்டவர் சாதத் கானே என்ற குற்றச்சாட்டும் பழையது. அவர்களை நல்லவர்களாகக் காட்டுவது என் நோக்கமல்ல; பேரரசின் வருவாயை இவர்கள் உறிஞ்சியது உண்மை. ஆனால் அது வெறும் சடங்காக இருந்திருந்தால் எதிரிகளும் அதைத் தேடி ஓடியிருக்க மாட்டார்கள். ஓர் ஆளுநர் இறந்தால் தம்பியும் மருமகனும் தளபதியும் ஒரே சமயத்தில் உரிமை கோருவார்கள். அவர்களில் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டியது பர்மான் என்ற அந்தப் பேரரச ஆணைதான். வட்டிக்குக் கடன் கொடுப்பவரும் வரி கட்டும் ஜமீன்தாரும் கேட்டதும் அதையே. நம் ஊர்க் கதையும் இதுதான். ஆற்காட்டு முகமது அலி வாலாஜா, ஹைதராபாத் நிஜாமின் கீழிருந்து விடுபட நாடியது 1765இல் பேரரசர் ஷா ஆலம் அளித்த பர்மானை. ஷா ஆலமோ அப்போது டெல்லிக்குள் கால்வைக்க முடியாமல் அலகாபாத்தில் ஆங்கிலேயர் நிழலில் இருந்தார். நிஜாம்களும் 1857 வரை முகலாயப் பேரரசர் பெயரிலேயே நாணயம் அடித்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிகூட 1835 வரை ஷா ஆலம் பெயர் பொறித்த ரூபாயை வெளியிட்டது. இந்தப் பட்டியலில் யாரும் பேரரசர்மேல் பக்தி கொண்டவர்கள் அல்லர்.

இன்னொரு மறுப்பு வலுவானது: பலமிருந்தால் அரியணையையே பிடித்திருக்கலாமே? முன்பு அப்படித்தான் நடந்தது. முனிர்காவை ஒட்டிய ஆர்.கே.புரத்தில் நிற்கும் லோதி காலத்துக் கும்மட்டங்களே அதற்குச் சாட்சி. சிர்ஹிந்தின் ஆளுநராக இருந்த பஹ்லூல் லோதி, சையித் மரபின் கடைசி சுல்தான் ஆலம் ஷா பதாவூனுக்கு ஒதுங்கிக்கொண்டபோது, 1451இல் டெல்லி அரியணையில் ஏறினார். ஆனால் அன்று டெல்லி சுல்தானகம் ஒரு நகரமும் அதன் சுற்றுப்புறமுமாகச் சுருங்கியிருந்தது. அதன் பெயரால் எட்டாத தூரத்தில் எவரும் ஆளவில்லை. 18ஆம் நூற்றாண்டிலோ காபூல் முதல் கர்நாடகம் வரை சட்டமும் பட்டமும் தைமூர் வம்சத்தின் பெயரில் எழுதப்பட்டிருந்தன. 1719 ஒரே ஆண்டில் பேரரசர்களை அடுத்தடுத்து மாற்றிய சையித் சகோதரர்களும் அந்த வம்சத்துக்கு வெளியே ஆள் தேடத் துணியவில்லை. பேரரசரை அகற்றும் ஆளுநர், தன் பதவிக்கான ஆதாரத்தையும் சேர்த்தே அழித்துவிடுவார். அதனால்தான் அவத் ஆட்சியாளர்கள் தலைமுறை தலைமுறையாக ‘நவாப் வசீர்’ என்ற பட்டத்தோடு நிறைவு கண்டார்கள்.

பேரரசின் பெயர்மீதான அந்தப் பிடியை அவத் விட்டது 1819இல். கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸின் தூண்டுதலால் காஜி உத் தீன் ஹைதர் தன்னை அரசராக அறிவித்துக்கொண்டு லக்னோவில் முடிசூடினார். டெல்லிக்குப் பணிய வேண்டியதில்லை என்ற பெருமை கிடைத்தது. ஆனால் அந்தப் பட்டத்துக்குக் கம்பெனியின் வார்த்தையைத் தவிர வேறு ஆதாரம் இல்லாமல் போனது. 1856 பிப்ரவரியில் டல்ஹவுசி அவத்தை இணைத்துக்கொண்டபோது, வாஜித் அலி ஷா முறையிடச் சென்ற இடம் கல்கத்தா. அவர் தாயார் லண்டன் வரை போனார். இருவர் முறையீடும் பலிக்கவில்லை.