ஒரே கோடு, இரண்டு வெட்டு

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் வழியெங்கும் ஏலமலைச் சரிவுகள்தான். அங்கே அடுத்தடுத்த இரண்டு தோட்டங்களுக்கு நடுவே எல்லை ஒன்றுதான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு தோட்டத்தையும் தனித்தனியே வரைந்து பக்கத்தில் வைத்தால், நடு எல்லை இரண்டு முறை விழுந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதால் கண்ணுக்கும் தெரியாது. காகிதத்தில் இதனால் நஷ்டம் இல்லை. லேசர் வெட்டு இயந்திரத்தில்தான் இது நஷ்டமாகிறது!

1960இல் அமெரிக்காவில் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கினார். 1964இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கியவர் குமார் படேல், நம் நாட்டின் பாராமதியில் பிறந்தவர். மரப்பலகை, அட்டை, அக்ரிலிக் வெட்டும் இயந்திரங்களில் இன்றும் பெரும்பாலும் இந்த வகை லேசர்தான். 1967இல் பிரிட்டனில் பீட்டர் ஹோல்ட்கிராஃப்ட், லேசரோடு ஆக்சிஜனைப் பீய்ச்சி இரும்புத் தகட்டை வெட்டிக் காட்டினார்.

1982இல் ஆட்டோகேட் மென்பொருள் வந்தது. கணினியில் வரைந்த கோடு, பின்னாளில் இயந்திரத்துக்கே கட்டளையானது. பழைய தவறுக்கு விலை வந்ததும் அப்போதுதான்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஏலக்காய்ப் பெட்டிக்கு 10 செ.மீ. சதுர அட்டைகள் 20 வேண்டும். வரிசைக்கு 5 வீதம் 4 வரிசையாக, இடைவெளியின்றி அடுக்குகிறோம். தனித்தனிச் சதுரமாக வரைந்தால் 80 பக்கங்கள், 8 மீட்டர் வெட்டு. பொதுப் பக்கங்களை ஒரு முறை மட்டும் வைத்தால் 49 பக்கங்கள், 4.9 மீட்டர்தான். நொடிக்கு 20 மி.மீ. வேகத்தில் 400 நொடி வேலை 245 நொடியில் முடியும். நேரம் மட்டுமா? இரண்டாம் முறை சுடுவதால் ஓரம் கருகும், சில நேரம் அட்டை தீப்பிடிக்கவும் செய்யும்.

இதற்கு மருந்துதான் ஆட்டோகேடின் 'ஓவர்கில்' கட்டளை. முதலில் கூடுதல் கருவியாக இருந்த அது, 2012 பதிப்பில் மென்பொருளின் உள்ளேயே சேர்ந்தது. இடமிருந்து வலமாக வரைந்தாலும் வலமிருந்து இடமாக வரைந்தாலும் ஒரே கோடுதான் என்று அது கண்டுகொள்ளும். பாதி மட்டும் மேலே படிந்த கோடுகளை ஒன்றாக இணைக்கும். ஆனால் எவ்வளவு நெருங்கினால் 'ஒன்று' என்பதை வரைபவர்தான் சொல்ல வேண்டும். அந்த அளவைக் கூட்டிவிட்டால் தேவையான கோடும் போய்விடும்.

எல்லை ஒன்றுதான் என்று மலையில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இயந்திரத்துக்கு மட்டும் வெட்டும் முன்பே சொல்லியாக வேண்டும்.